மூடி மேல் கங்கு

ஜனவரி 2

என் மனைவி நாகமணியின் உத்தரவுப்படி இந்த நோட்டு. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், தொடையில் பிளேட் வைத்துக் கட்டிலில் கிடந்தபடியே என் கையில் கொடுத்தாள். "உங்களுக்கு எதைச் சொன்னாலும் பாதிதானுங்க காதுல ஏறுது. அங்க நடக்கறத தினமும் எழுதி வைங்க. போன்ல எனக்கு அப்படியே படிச்சுக் காட்டோணும். ஒண்ணு உடக் கூடாது."

ஊர் உலகத்தில் மகள் பிரசவத்துக்கு அம்மா போவாள். எங்கள் வீட்டில் அப்பன் வந்திருக்கிறேன். கோயமுத்தூர் பவுண்டரியில் முப்பத்தொரு வருடம் உலை பார்த்த ஃபோர்மேன், டெக்ஸஸில் பத்தியம் சமைக்கப் போகிறான். நவம்பரில் நாகமணி குளியலறையில் வழுக்கி விழுந்ததால் வந்த பதவி உயர்வு இது.

பெட்டியில் வைத்திருந்த கருவாட்டை ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். லேகியத்தை மோந்து பார்த்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டான். நாகு, அது உன் கைப்பக்குவத்தின் பெருமை.

மகள் தாரணிக்கு வயிறு இறங்கிவிட்டது. மாப்பிள்ளை கோகுல்நாத் அவரே பாத்திரம் கழுவுகிறார். எனக்குத்தான் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

ஜனவரி 4

ரசத்துக்கு மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தேன். கூரையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை வட்டு ஊரைக் கூட்டிவிட்டது. பவுண்டரி சங்கு தோற்றுப் போகும். நான் கரண்டியோடு வெளியே ஓடினேன். தாரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"புகை வந்தா கத்தும்ங்கப்பா. கண்ணுக்குத் தெரியாத விஷ வாயு வந்தாலும் கத்தும். இவரு தாளிக்கறப்ப அதுக்குத் துணி கட்டி உட்ருவாரு."

துணி கட்டுவதெல்லாம் அரைகுறை வேலை. ஏணி போட்டு ஏறி, வீட்டில் இருந்த நான்கு வட்டுகளையும் கழற்றி, பேட்டரியை உருவி, கராஜில் ஸ்குரூ டிரைவர் கிடக்கும் டிராயரில் போட்டேன். பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டும்போது இது அலறினால் பச்சைக் குழந்தை அரண்டு போகும்.

"மறுபடி மாட்டிரோணுங்கப்பா" என்றாள். மாட்டலாம், என்ன அவசரம்.

ஜனவரி 5

பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு கிராம். ஆபரேஷன்தான். போனில் நாகமணி அழுதாள். நானும் அழுதேன், ஆனால் ஆஸ்பத்திரி பாத்ரூமுக்குள் போய்.

ஜனவரி 8

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தாரணிக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நான்குதான் இருக்கிறதாம். உதடு வெளுத்து, கண்ணுக்கடியில் சதை காகிதம் போல இருக்கிறது. டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, எடை எதுவும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். "பால் கேன் கூட தூக்கக் கூடாதாம்ங்கப்பா" என்றாள் தாரணி. இங்கே பால் நான்கு லிட்டர் கேனில் வருகிறது.

இரும்புச் சத்து போதவில்லையாம். ஆயுசு முழுக்க இரும்பு உருக்கினவன் மகளுக்கு இரும்பு போதவில்லை.

நாகமணி ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். ரத்தம் ஊற ஆட்டுச் சுவரொட்டி, அதுதான் மண்ணீரல், அப்புறம் ஈரல், நெஞ்செலும்புச் சாறு. புளி கூடாது, மிளகும் பூண்டும் தாராளமாக. "பச்ச உடம்புங்க. குளிரு அண்டக் கூடாது, ஜன்னி கண்டிரும். பதினோராம் நாள் தீட்டுக் கழியற வரைக்கும் அவ அடுத்தவங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. உங்கம்மா அப்படித்தான் என்னைய வச்சிருந்தாங்க." பதினோராம் நாள் பதினைந்தாம் தேதி வருகிறது. எழுதிக்கொண்டேன்.

மாப்பிள்ளை கறிக்கடையில் கெஞ்சிக் கூத்தாடிச் சுவரொட்டி வாங்கி வந்து ஃபிரீசரில் வைத்துவிட்டார்.

ஜனவரி 10

மாப்பிள்ளை வேலை விஷயமாக டென்வர் போனார். மூன்று நாள். "மாமா, நீங்க இருக்கற தைரியத்துல போறனுங்க" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 12

அதிகாலையில் கரண்ட் போனது. வெளியே எல்லாம் வெள்ளை. இந்த ஊரில் இப்படிப் பனி கொட்டுவது வழக்கமே இல்லையாம். ரோடு கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கிறது. இரண்டு கார் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு தெருமுனையில் அப்படியே நிற்கின்றன.

இந்த வீட்டில் அடுப்பும் கரண்ட், ஹீட்டரும் கரண்ட், வெந்நீரும் கரண்ட். மாளிகை மாதிரி வீடு, ஒரு டம்ளர் தண்ணீர் சுட வைக்க வழியில்லை. எனக்கு வந்த கோபத்தில் ஸ்விட்சை நாலு தட்டுத் தட்டினேன்.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு டெல்பர்ட் வேலிக்கு மேலே தலை நீட்டினார். எழுபது வயது இருக்கும், மனைவி இல்லை, பைப்லைன் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இங்கிலீஷும் என் பவுண்டரி இங்கிலீஷும் வெல்டிங், வார்ப்பு என்று வந்தால் மட்டும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பெற்றவள் வீட்டில் அடுப்பில்லை என்றதும் உள்ளே போனவர், ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். 'டச் அவன்' என்றார்.

நாகு, இதைப் பொறுமையாகக் கேள். வார்ப்பிரும்புச் சட்டி, அடியில் மூன்று குட்டைக் கால். கனமான மூடி, மூடியின் ஓரம் தட்டு மாதிரி எழும்பி நிற்கிறது. எதற்கு? மூடி மேலேயும் கங்கு வைப்பதற்கு. அடியில் நெருப்பு, தலையிலும் நெருப்பு. நம் ஊரில் தம் போடுகிற கணக்குதான். அவருடைய அம்மா காலத்துச் சட்டியாம். விரலால் சுண்டினேன், கணீரென்றது. எங்கும் ஒரு பொட்டு ஓட்டை இல்லை. அடியில் இரும்பு ஊற்றிய இடத்துத் தழும்பு நீளமாக இருக்கிறது. அப்படி ஊற்றுகிற வழக்கம் எங்கள் காலத்துக்கு முன்பே போய்விட்டது. யார் வார்த்தானோ, கையெடுத்துக் கும்பிடலாம்.

டெல்பர்ட் கணக்குச் சொன்னார். தலையணை மாதிரி உருட்டிய கரிக்கட்டிகள். பன்னிரண்டு அங்குலச் சட்டிக்கு அடியில் ஒன்பது, மூடி மேல் பதினைந்து. மேலேதான் அதிகம் வேண்டும், அடியில் கூடினால் பிடித்துவிடும். கடைசியாக, "வெளியே மட்டும். ஒருபோதும் வீட்டுக்குள் வேண்டாம்" என்று விரலை ஆட்டி இரண்டு முறை சொன்னார். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறார். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

பின்பக்கச் சிமெண்டுத் தரையில் பனியை வழித்துவிட்டு அடுப்புப் போட்டேன். கரி பூத்து வெளுக்க இருபது நிமிடம். நல்லெண்ணெய், சீரகம், சின்ன வெங்காயம் இல்லாததால் பெரிய வெங்காயம், பூண்டு இரண்டு முழுசு. நெஞ்செலும்பைப் போட்டு வதக்கி, மிளகு தட்டிப் போட்டு, பனியை உருக்கிய தண்ணீரை ஊற்றி மூடினேன். கொக்கியால் மூடியைத் திருகி வைத்து, மேலே பதினைந்து கங்கு. பனி கங்கில் விழுந்து 'உஸ் உஸ்' என்றது. இரண்டு மணி நேரம் காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு காவல் இருந்தேன். திறந்தபோது எலும்பு கையோடு கழன்று வந்தது.

தாரணி இரண்டு கிண்ணம் குடித்தாள். மூக்கு நுனி வேர்த்தது. "அம்மா வைக்கறத விட நல்லாருக்குங்கப்பா. அம்மாகிட்டச் சொல்லிராதீங்க." நாகு, இந்த வரி வரும்போது நான் இருமுவேன்.

ஜனவரி 13

கரண்ட் வரவில்லை. உள்ளே ஐந்து டிகிரி. போனை டெல்பர்ட் தன் லாரியில் போட்டு சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். டவரும் நினைத்தால்தான் கிடைக்கிறது. மாப்பிள்ளைக்கு விமானம் ரத்து.

இன்று காற்று கிழித்தது. வெளியே கங்கு நிற்கவில்லை. சட்டியைக் கராஜுக்குள் நகர்த்தி, ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டுச் சமைத்தேன். டெல்பர்ட் கொடுத்த மான்கறி. ஆட்டுக்கறி மாதிரிதான், கொழுப்பு இல்லை, கொஞ்சம் ஈரல் வாசம். மஞ்சளும் மிளகும் தூக்கலாகப் போட்டுச் சரிக்கட்டினேன். கராஜ் இதமாக இருந்தது. கடைசியில் ஒரு தலைவலி வந்தது பாரு, நெற்றிப் பொட்டில் சுத்தியல் அடி. வாந்தி வருவது போலக் குமட்டியது. இரண்டு நாளாகக் காபி இல்லாத கோளாறு. வெளியே நடந்ததும் சரியாகிவிட்டது.

மதியம் டெல்பர்ட் வந்தார். அவர் வீட்டில் சுவரோடு கட்டிய விறகடுப்பு எரிகிறது, புகைபோக்கி உண்டு, எல்லோரும் வந்துவிடுங்கள் என்றார். தாரணியின் முகம் மலர்ந்துவிட்டது.

"போலாங்கப்பா. ரெண்டு நாளைக்குத்தானுங்க. அவரும் அதைத்தான் சொன்னாரு, மெசேஜ் வந்துச்சு."

"பதினஞ்சாந் தேதி தீட்டுக் கழிச்சுட்டு மறு நிமிஷம் போலாம் சாமி. உங்கம்மாளுக்கு நான் பதில் சொல்லோணும்."

"அம்மா எங்கீங்க இருக்கறாங்க? இங்க கைகால் விறைக்குதுங்கப்பா. இவ மூக்கப் பாருங்க, ஐஸ் மாதிரி."

"ரெண்டே நாளு."

அவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். டெல்பர்ட்டுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்.

நான் பழைய ஆள்தான். ஆனால் ஒன்றிரண்டு விஷயத்தில் பழையதுதான் சரி.

ஜனவரி 14

பொங்கல். தீட்டு வீட்டில் பொங்கல் கிடையாது.

இருந்த சுவரொட்டியையும் ஈரலையும் இன்று எடுத்தேன். காற்று அடங்கியிருந்ததால் வெளியேயே அடுப்பு. சுவரொட்டியைக் கீறிக் கங்கில் வாட்டி, பிறகு மிளகுப் பொடியில் புரட்டிச் சட்டியில் போட்டேன். தாரணி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். "ரத்தம் ஊறுதுங்களா, கன்னத்தைப் பாருங்க" என்று காட்டினாள். ஒன்றும் ஊறவில்லை. வெளுத்துத்தான் இருந்தாள். "ஊறுது கண்ணு" என்றேன்.

விரல் நகமெல்லாம் நீலம். பாப்புவைச் சட்டைக்குள் விட்டு மார்போடு ஒட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். மூன்று போர்வை போட்டும் பல் கிட்டுகிறது.

மூன்று மணிக்கு ஒரு நிமிடம் டவர் கிடைத்தது. நாகமணி. நான் சொன்னதைக் கேட்டுப் பதறிப் போனாள். "ஏனுங்க, கணப்பு வைக்கலீங்களா நீங்க? இவ பொறந்த மார்கழில உங்கம்மா கட்டலுக்கடியில கங்குச் சட்டி வச்சுத்தான என்னையக் காப்பாத்துனாங்க. நல்லாப் பூத்த கங்கு வைங்க. புகை இருக்கக் கூடாது, அவ்ளோதான்…" அதற்குள் அறுந்துவிட்டது.

அது சரிதான். புகை போகட்டும், கரி வெளுத்துச் சாம்பல் பூக்கட்டும், அப்புறம் கங்கு சாது. பவுண்டரியில் கோக் கரி ரூமில் சின்னராசு செத்தது வேறு. அது உலை வாயு, அவன் தூங்கினது காற்றில்லாத ரூம். இது சோறு பொங்குகிற கரி.

[இதற்குக் கீழே ஏழு வரியைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். அடித்தது 16-ம் தேதி.]

ஜனவரி 15

காலையில் தாரணி எழுந்திருக்கவில்லை.

ஜனவரி 17

தாரணி இறந்து இரண்டு நாள் ஆகிறது.

பாப்பு என்னோடு ஹாலில் இருந்தாள். அதனால் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் சுத்தமாக இருக்கிறது என்று கொடுத்துவிட்டார்கள். ராத்திரி இரண்டு முறை அழுதபோது தாரணியை எழுப்பாமல், ஃபிளாஸ்க் வெந்நீரில் பவுடர் பால் கலந்து நானே கொடுத்தேன். அவள் தூங்கட்டும் என்று பார்த்தேன்.

ஏழரைக்குக் கதவைத் திறந்தேன். வலது பக்கம் சாய்ந்து படுத்திருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. உதடு சிவந்திருந்தது. ஏழு நாளாக நான் பார்க்க ஏங்கிய நிறம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சுவரொட்டி வேலை செய்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் என் தலையை நானே சுவரில் மோத வேண்டும் போல இருக்கிறது.

சின்னராசுவும் அப்படித்தான் சிவப்பாக இருந்தான். கோக் ரூமிலிருந்து அவனைத் தூக்கி வந்தது நான்தான்.

ரோடு உறைந்திருந்ததால் ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை டெல்பர்ட் அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சீருடைக்காரர் ஒருவர் கேள்வி கேட்டார். போனில் தமிழ் பேசும் ஒரு பெண்ணைப் பிடித்து மொழிபெயர்க்க வைத்தார்கள். மதுரைப் பக்கத்துப் பேச்சு. "ஐயா, மனசத் தேத்திக்கங்க. சட்டிய ரூமுக்குள்ள கொண்டு வந்தது யாருன்னு கேக்குறாங்கய்யா" என்றாள். பதில் சொன்னேன். அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். டெல்பர்ட் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் நேற்று வந்துவிட்டது. வீடு முழுக்க ஹீட்டர் ஓடுகிறது.

ஜனவரி 18

மாப்பிள்ளை வந்தார். பாதி தூரம் விமானம், மீதி ஒரு சரக்கு லாரியில். என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். "அவளத் தனியா உட்டுட்டுப் போய்ட்டன் மாமா. உங்களுக்கும் எத்தனை கஷ்டம்." நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

நாகமணியிடம் சொல்லியாயிற்று. எப்படிச் சொன்னேன் என்பதை எழுத முடியாது. அழுது ஓய்ந்த பிறகு, மெல்லிய குரலில் கேட்டாள்: "ஏனுங்க. நான் கணப்பு வைக்கச் சொன்னனே. அதனாலீங்களா?"

"இல்ல நாகு. நீ சொன்னது சரியாக் கேக்கவே இல்ல. லைன் அறுந்துருச்சு. கரண்ட் வந்தப்ப ஹீட்டர்ல ஏதோ கோளாறு."

"நெசமாலுங்களா?"

"நெசமா."

நோட்டைப் படிக்கச் சொல்லவில்லை. நானும் படிக்கிறேன் என்று சொல்லவில்லை.

ஜனவரி 21

தகனம். இங்கே பொத்தானை அமுக்குவார்கள். ஒரு இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் உலை. லட்சம் முறை உலைக் கதவைத் திறந்து மூடியவன் நான். இந்த ஒரு கதவைப் பார்க்க முடியவில்லை. வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஜனவரி 22

மாப்பிள்ளை ஸ்குரூ டிரைவர் தேடிக் கராஜ் டிராயரைத் திறந்தார். நான்கு வெள்ளை வட்டுகளும் அங்கேதான் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் பேட்டரிகளையும் வரிசையாக வைத்தார்.

"தாளிக்கறப்ப கத்துச்சு" என்றேன்.

"நானும் துணிதான மாமா கட்டி வைப்பேன்" என்றார். ஏணி போட்டு நான்கையும் மாட்டினார். சோதிக்கிற பொத்தானை அமுக்கினார். அலறியது. பாப்பு திடுக்கிட்டு அழுதாள். நான்கையும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

பிறகு பாப்புவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அவளுக்கு எப்பவும் பிடிவாதம் மாமா. ரிப்போர்ட்ல பாத்தேன். குளிர் தாங்காம அவளேதான் சட்டியக் கொண்டாந்து வச்சுக்கிட்டான்னு போட்ருக்கு. படிச்சவ, இது கூடவா தெரியாதுன்னு நெனச்சா எனக்குக் கோவமா வருதுங்க. செத்தவ மேல கோவப்பட்டுக்கிட்டு இருக்கறேன்." குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "நாளைக்கு இவ பெரியவளானா என்னங்க சொல்றது? உங்கம்மா புத்தியில்லாமப் பண்ணிட்டான்னா?"

நான் கஞ்சி வைக்கப் போனேன்.

ஜனவரி 24

டெல்பர்ட்டின் சட்டி இத்தனை நாளும் பின்பக்கம் சிமெண்டுத் தரையில் கிடந்தது. அதிகாரிகள் படம் எடுத்த பிறகு அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பனி உருகி உள்ளே சாம்பல் தண்ணீர். ஓரத்தில் துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது. நேற்று அதைக் கழுவி, துருவைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவி வைத்தேன். அது என்ன பாவம் செய்தது.

இன்று காலை மாப்பிள்ளை, "கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தர்றேன். கண்ணுல படாம இருந்தாச் சரி" என்று அதைத் தூக்கினார். இரண்டடி நடந்தார். கீழே வைத்தார். மூடியைச் சரி செய்துவிட்டு மறுபடி தூக்கினார். மறுபடி கீழே வைத்தார்.

"மாமா, இது எத்தன கிலோ இருக்கும்?"

முப்பத்தொரு வருடம் வார்ப்பைக் கண்ணால் பார்த்தே எடை சொன்ன வாய். யோசிக்காமல் வந்துவிட்டது. "மூடியோட பத்து. அரைக் கிலோ முன்னப் பின்ன."

அவர் சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவ பால் கேன் கூட தூக்கலீங்களே மாமா."

நான் குனிந்து மூடியை நேராக்கினேன். அவர் காத்திருந்தார். பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு போனார். வேலிக்கு அந்தப் பக்கம் இருவரும் பேசியது கேட்கவில்லை. திரும்பி வரும்போதும் சட்டி கையிலேயே இருந்தது. டெல்பர்ட் வாங்கிக்கொள்ளவில்லையாம்.

அவரிடமிருந்து வேறு என்ன வாங்கி வந்தார் என்று நான் கேட்கவில்லை. 'வெளியே மட்டும்' என்று என்னிடம் இரண்டு முறை சொன்னவர் அவர்.

மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாயங்காலம் பாப்புவுக்குப் பால் கலக்க நான் எழுந்தபோது, "நான் பாத்துக்கறேன்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜனவரி 25

கொஞ்ச நேரம் கழித்து இந்த நோட்டை மாப்பிள்ளை கையில் கொடுக்கப் போகிறேன். அதற்குப் பிறகு அந்தச் சீருடைக்காரரிடம் கூட்டிப் போகச் சொல்லுவேன். அவர்கள் என்ன செய்வார்களோ செய்யட்டும். நாகமணியிடம் சொன்ன பொய்யை மட்டும் அப்படியே விட்டுவிடும்படி மாப்பிள்ளையைக் கேட்டுக்கொள்கிறேன். அவள் உடைந்த காலோடு கட்டிலில் கிடக்கிறாள், அவளுக்கு வேறு பிள்ளை இல்லை.

நான் அன்றைக்கு அந்தப் போன் பெண்ணிடம் சொன்னது இது: "எம் பொண்ணேதான் கொண்டாந்து வச்சுக்கிட்டா." உயிரோடிருக்கிற என் மானத்துக்காக, செத்த மகள் தலையில் பத்துக் கிலோ இரும்பைத் தூக்கி வைத்தேன். பாப்பு பெரியவளாகி அவள் அம்மாவைப் புத்தியில்லாதவள் என்று நினைக்கக் கூடாது. அவள் அம்மாவுக்குப் புத்தி இருந்தது. பேச்சைக் கேட்காதவன் நான்.

பதினாலாம் தேதி அடித்த ஏழு வரியும் எனக்கு மனப்பாடம். அவற்றை அப்படியே மறுபடி எழுதுகிறேன்.

மாலை ஆறு மணி. கறியை இறக்கிவிட்டு, மூடி மேல் இருந்த கங்கையும் அடியில் இருந்ததையும் சட்டிக்குள்ளேயே அள்ளிப் போட்டு, தாரணி ரூமில் கட்டிலோரம் செங்கல் மேல் வைத்துவிட்டேன். "வேண்டாங்கப்பா, இங்க வீடெல்லாம் காத்துப் போகாம அடைச்சுக் கட்டியிருக்காங்க, ஆபத்துங்க, டெல்பர்ட் வீட்டுக்கே போயிரலாம்" என்றாள். "உலைக்காரன் மகளே கங்குக்குப் பயந்தா எப்படிச் சாமி, விடிஞ்சாத் தீட்டுக் கழிச்சுட்டுப் போலாம்" என்றேன். சிரித்துவிட்டாள், அப்புறம் மறுத்துப் பேசவில்லை. ஜன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணித்து, கதவடியில் துண்டை வைத்து அடைத்தேன். பாப்பு சிணுங்கினாள், இவள் தூங்கட்டும் என்று ஹாலுக்குத் தூக்கி வந்துவிட்டேன். இப்போதுதான் போய்ப் பார்த்தேன், போர்வையை அவளே விலக்கிவிட்டு அசந்து தூங்குகிறாள், மூன்று நாளில் முதல் தடவையாகப் பாதம் சூடாக இருக்கிறது. நாகு, இதைப் படித்துக் காட்டிய பிறகு நீயும் நிம்மதியாகத் தூங்கலாம்.